சார்ஜருக்குத் தைத்த சட்டை

கனகா வீடுங்களா? இதே காம்பவுண்டுதானுங்க, அந்தப் பச்சைக் கதவு. பூட்டியிருக்கு பாருங்க. அவளும் மகளும் வேலை முடிஞ்சு வர அஞ்சரை ஆகும். வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க. அந்தச் சேர்லயே உக்காருங்க, கவர் நேத்துத் துவைச்சுப் போட்டதுதான்.

சொந்தக்காரங்கன்னு சொன்னீங்க. சரி, சொந்தக்காரங்கன்னே வெச்சுக்கலாம். ஆனா சொந்தக்காரங்க வந்தா நேராப் போயிக் கதவைத் தட்டுவாங்க. நீங்க வாசல் கூட்டியிருக்குதா, கொடியில என்ன துணி காயுது, அக்கம்பக்கம் ஆரு இருக்கறாங்கன்னு பார்த்துட்டு நின்னீங்க. பொண்ணு விசாரிக்கத்தானுங்களே வந்திருக்கீங்க? சிரிக்கறீங்க. பையனுக்கு அம்மாங்களா? அத்தைங்களா. சரிங்க, சரிங்க. பையனுக்கு அம்மா இல்லீன்னா அத்தைதானே எல்லாம் பார்க்கணும்.

இதுல தப்பு ஒண்ணுமில்லீங்க. எம் மகனுக்குப் பார்க்கறப்ப நாங்களும் பொண்ணு வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற மளிகைக் கடையில நின்னு வேண்டாத சாமானெல்லாம் வாங்கிட்டே விசாரிச்சோம். வந்தவங்க கேக்கத்தான் செய்வாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லத்தான் செய்வாங்க. ஆனா ஒண்ணுங்க. போன ஆவணியில காங்கயத்துல இருந்து இதே மாதிரி ஒருத்தர் வந்தாங்க. நான் பாதி சொல்றதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான். அதனால இந்தத் தடவை முழுசாச் சொல்லாம உங்களை நான் விடறதில்லைன்னு இருக்கறேன். காபி குடிப்பீங்களா?

குடிக்கலாம், பொறுமையாக் குடிக்கலாம்.

நான் ஒளிச்சுப் பேசற ஆளு இல்லீங்க. அந்தப் புள்ள சிந்துஜா மேல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. அதை மொதல்லயே சொல்லிடறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

எம் பேரு துளசிமணிங்க. இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிஷின்ல உக்காந்தவ. முழங்கால் முடியாமப் போகவும் வீட்டுலயே ஒரு மிஷினைப் போட்டுட்டேன். கட்டிங் மாஸ்டர் தெரிஞ்சவரு, மாசம் ஒரு மூட்டை கட்பீஸ் குடுத்து விடுவாரு. அதுல கவர் தைப்பேன். விக்கறதுக்கில்லீங்க, வீட்டுக்குத்தான். நீங்களே பாருங்களேன். டிவிக்கு, மிக்ஸிக்கு, பிரிட்ஜு கைப்பிடிக்கு, கேஸ் சிலிண்டருக்கு, தண்ணி கேனுக்கு. ரிமோட்டுக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு துவைக்கப் போட்டா ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு, என்னை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கறேன்னு கேப்பாரு. இந்த ஊர்ப் பஞ்சுத் தூசிக்கு மூடாம வெச்சா எந்தச் சாமானுங்க நிக்கும்? இந்த மிக்ஸிக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. பார்த்தா அப்படியா தெரியுது?

போன மாசியில எம் மகன் ஓசூர்ல இருந்து வந்து அவங்கப்பாவுக்கு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தான். பெட்ரோல் வேண்டாம், உதைக்க வேண்டாம், சத்தமும் வராது. இவருக்குத்தான் காது மந்தமாச்சே, சத்தம் வராததே இவருக்குத் தெரியல. கூடவே செங்கல் மாதிரி ஒரு சார்ஜரு. அம்மா, வெலை ஜாஸ்தி, பத்திரமாப் பார்த்துக்கன்னு என்ற கையில குடுத்துட்டுப் போனான். பத்திரமாப் பார்த்துக்கன்னு சொன்னா நான் என்னங்க பண்ணுவேன்? தைச்சேன்.

சாதாரணத் துணி இல்லீங்க. ஃப்ளீஸ்னு ஒண்ணு வரும். பனி கொட்டற நாட்டுக்கு ஜாக்கெட் தைச்சு அனுப்பறாங்கல்ல, அந்தத் துணி. ஆர்டர்ல மிஞ்சினது, நல்ல மெரூன் கலரு. ரெண்டு அடுக்கு வெச்சு, நடுவுல ஸ்பாஞ்சு குடுத்து, ஜிப்பு வெச்சு, ஓரத்துக்குப் பைப்பிங் குடுத்து, மூணு நாள் வேலை. அந்தச் சார்ஜருக்குப் பக்கவாட்டுல வரிவரியா ஓட்டை விட்டிருந்தாங்க, உள்ள ஒரு குட்டி ஃபேன் வேற. பல்லி பூந்துருச்சுன்னா என்ன ஆகறது? அதைத்தான் மொதல்ல அடைச்சேன். போட்டு முடிச்சுப் பார்த்தா, பொறந்த குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டாப்புல அத்தனை லட்சணம். தரையில வெச்சா எறும்பு ஏறும்னு கட்டில்ல, மெத்தை மேல வெச்சோம். வயரைக் கதவுக்கு அடியில விட்டு வாசல்ல நிக்கற வண்டியில சொருகினோம். மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவன் ஒரு கட்டை விரலை அனுப்பினான்.

இப்பத்தான் கதைக்குள்ள இவ வர்றா.

சிந்துஜா பாலிடெக்னிக் முடிச்சவங்க. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்வெர்ட்டரு, யூபிஎஸ்ஸு ரிப்பேர் பார்க்கற கடையில வேலை. கைப்பையில பவுடர் டப்பா இருக்காதுங்க, டெஸ்டர் இருக்கும். உள்ளதைச் சொல்லணுமில்ல. அன்னைக்குக் கறிவேப்பிலை குடுக்க வந்தா. குடுத்துட்டுப் போக வேண்டியதுதானுங்களே? கட்டில் பக்கம் போயி, என்ற கவர் மேல புறங்கையை வெச்சுப் பார்க்கறா, காய்ச்சல் அடிக்குதான்னு பார்க்கற மாதிரி.

"பெரிம்மா, இது கொதிக்குதுங்க. கவரைக் கழட்டிருங்க. இதுக்குக் காத்து வேணும்."

"கரண்டுல ஓடறது சுடத்தான் செய்யும் கண்ணு. அயர்ன் பாக்ஸு சுடறதில்லையா?"

"அயர்ன் பாக்ஸுக்கு யாரும் ஸ்வெட்டர் போடறதில்லீங்களே."

கேட்டீங்களா பேச்சை? பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது? சொன்னதோட விட்டாளா, அவளே ஜிப்பை இழுத்துக் கழட்டி, மடிச்சு, டேபிள் மேல வெச்சுட்டு, பெரிப்பாவை எழுப்பாதீங்கன்னு மெதுவாச் சொல்லிட்டுப் போறா. அவ தலை மறைஞ்சதும் நான் எடுத்து மாட்டினேன். மறுநாள் சாயங்காலம் வந்து கழட்டினா. நான் மாட்டினேன். ஒரு மாசம் நடந்துச்சுங்க இது. அவ கழட்ட, நான் மாட்ட. வாய்ச்சண்டைன்னு ஒரு நாள் வந்ததில்ல. அவளுக்குக் கோவமே வராதுங்க, அதுதான் எனக்குக் கோவம். முந்தின நாள் சொன்னதையே மொத தடவை சொல்ற மாதிரி பொறுமையாச் சொல்லுவா. அடைச்சு வெச்சா சூடு வெளிய போகாதுங்க பெரிம்மா. மெத்தை மேல வேண்டாங்க பெரிம்மா. வண்டி புல் ஆயிருச்சுன்னா பிளக்கைப் புடுங்கிருங்க பெரிம்மா. நானும் சரி கண்ணு, சரி கண்ணுன்னுதான் சொல்லுவேன்.

அதோட நிக்கலீங்க. ஒரு நாள் எங்கியோ கட்டடம் கட்டற இடத்துல கேட்டு வாங்கினேன்னு ஒரு டைல்ஸ் துண்டைக் கொண்டாந்து தரையில போட்டு, சார்ஜரை இது மேல வெய்யுங்கன்னா. இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல செல்போன் சார்ஜரு, கொசு பேட்டு, எமர்ஜென்சி லைட்டு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சிருப்பேன், இடம் அடைக்காம இருக்கட்டும்னு. அத்தனையையும் தள்ளித் தள்ளி வெச்சுட்டுப் போனா. எங்க வீட்டுக்காரரு கடிகாரத்துப் பழைய செல்லைத் தூக்கிப் போட மனசு வராம, கேமராவுக்கு வாங்கின சார்ஜர்ல சொருகி வெச்சிருந்தாரு. அதையும் பார்த்துட்டா. "பெரிப்பா, இது சார்ஜ் பண்ற செல்லு இல்லீங்க, வெடிச்சுப் போயிரும்"னு அவரு காதுகிட்டப் போயிக் கத்திச் சொல்றா. நான் கத்தினா எதுக்குக் கத்தறேன்னு கேக்கற மனுசன், அவ சொன்னா சரி சாமின்னு எடுத்துக் குடுக்கறாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. இந்த வீட்டுக்குப் பொம்பள நானா, அவளா?

காபி ஆறுது, குடிங்க.

சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை, அவிநாசியில என்ற தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. இவரு வெயில்ல வர முடியாதுன்னுட்டாரு. வண்டியைச் சார்ஜுல போட்டு வெச்சேன். நான் இல்லாத நேரம் பார்த்து இவ வருவா, கவரைக் கழட்டி அக்கட்டால வெச்சிருவா, இவரும் தலையாட்டிட்டுப் படுத்திருப்பாருன்னு எனக்குத் தெரியும். அதனால ஒரு காரியம் பண்ணினேன். கோணி ஊசி எடுத்து, ஜிப்பை மூடி, அதுக்கு மேல ஒரு தையல் போட்டேன். சும்மா இல்லீங்க, ரெட்டை நூலு. இப்பக் கழட்டிப் பாரு கண்ணுன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, பூ வெச்சுட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ஸுல போறப்பக் கூட அதை நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்.

அங்க பந்தியில உக்காந்திருக்கறேன், பாயசம் ஊத்தறாங்க, கனகா போன் பண்றா. அக்கா, ஒண்ணுமில்ல, வாங்கன்னா. ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு ஆராச்சும் போன் பண்ணுவாங்களா? எப்படி வந்து சேர்ந்தேன்னு எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். இவரு சாப்பிட்டுட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டு, அதே கட்டில்ல படுத்துட்டாரு. கால்மாட்டுல சார்ஜரு. இலவம்பஞ்சு மெத்தைங்க. அங்க அவங்க வீட்டுல துணி துவைச்சுட்டு இருந்த சிந்துஜாவுக்கு பிளாஸ்டிக் கருகற வாசம் வந்திருக்கு. ஓடி வந்து தட்டியிருக்கறா. இவருக்கு எங்க கேக்கும்? மொதல்ல வாசல்ல இருக்கற மீட்டர் பாக்ஸைத் தொறந்து எங்க வீட்டு மெயினை ஆஃப் பண்ணியிருக்கறா. அப்பறம் அங்கயே வெளிய கெடந்த அம்மிக் குழவியை எடுத்து என்ற ஜன்னல் கண்ணாடியை ஒரே போடு. கம்பிக்குள்ள கையை விட்டு, பக்கத்துல கதவுத் தாழ்ப்பாளை நெம்பித் தொறந்திருக்கறா. உள்ள பூராப் புகை. மொதல்ல மனுசனை எழுப்பி வெளிய தள்ளிட்டு, பிளக்கைப் புடுங்கி, சமையல்கட்டு இடுக்கியில அந்தச் சார்ஜரைக் கவரோட கவ்வி இழுத்துட்டுப் போயி, பக்கத்துல வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்ல போட்டுப் பொதைச்சிருக்கறா. உள்ளங்கையில கண்ணாடி கிழிச்சு, எட்டுத் தையல்.

அம்மிக் குழவி எங்களுதுதான். கண்ணாடியும் எங்களுதுதான்.

நான் வந்து பார்த்தேன். மெத்தையில தோசைக்கல்லு அகலத்துக்கு ஓட்டை. அதுக்கு அந்தப் பக்கம் அவரு கால் வெச்சிருந்த இடம் பள்ளமா அப்படியே இருக்குது. அங்கயே உக்காந்துட்டேன். அந்த மனுசனோட முப்பத்தாறு வருஷமா ஒரு நாள் பாக்கி இல்லாமச் சண்டை போட்டிருக்கறேன், அன்னைக்கு வாசல்ல உக்காந்து இருமிட்டிருந்தவரைப் பார்த்து அழுத அழுகை எனக்கே தெரியல எங்கிருந்து வந்துச்சுன்னு. அவ கையில கட்டோட நிக்கறா. "பெரிம்மா, ஒண்ணுமில்ல, பெரிப்பா நல்லா இருக்காருங்க"ன்னு அவ என்னைத் தேத்தறா.

நன்றி சொன்னனான்னு கேக்கறீங்களா? சொல்லலீங்க. சொல்ல வந்தேன். வாயைத் தொறந்தா, கண்ணாடியை உடைக்காம வேற வழி இல்லையான்னுதான் வந்துச்சு. அதுக்கும் அவ, மன்னிச்சுக்குங்க பெரிம்மான்னா.

இப்பத்தான் நான் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பொண்ணு எடுக்கற வீட்டுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது இது. அந்தப் புள்ள பொய் சொல்லும்.

ஆமாங்க. காம்பவுண்டே கூடி நிக்குது, எப்படிப் பிடிச்சுச்சு, எப்படிப் பிடிச்சுச்சுன்னு கேக்கறாங்க. அவ அம்புட்டுப் பேரு முன்னாலயும், சார்ஜர்ல உள்ள வயரு லூஸா இருந்திருக்குன்னு சொல்றா. எம் மகன் போன் பண்றான், அவன்கிட்டயும் அதையே சொல்றா. அண்ணா, சில பீஸு அப்படி வந்துரும், பெரிம்மா நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்கன்னு. கவருன்னு ஒரு வார்த்தை வரல அவ வாயில. ஜிப்பு மேல தைச்சிருந்ததை அவ பார்க்காம இருந்திருப்பாளா? இடுக்கியில கவ்வினவளே அவதானே. மணல்ல இருந்து மிச்சத்தைத் தோண்டி எடுக்கப் போனேன், ஞாபகத்துக்கு ஒரு துண்டாவது கிடைக்கட்டும்னு. ஒண்ணுமே இல்ல. ஆரும் பார்க்கறதுக்கு முன்னாலயே எடுத்துட்டுப் போயிக் குப்பை வண்டியில போட்டிருக்கறா. மூணு நாள் வேலைங்க அது. கேக்காம இன்னொருத்தர் சாமானை எடுத்துப் போடறது நல்ல பழக்கமா?

நான் பொய் சொல்ல மாட்டேன். கவராலதான் ஆச்சுன்னு யாரும் கண்ணால பார்க்கல. அதையும் சொல்லிடறேன்.

அந்தக் காங்கயத்துக்காரங்க வந்தாங்கன்னேனில்ல, அவங்க முந்தியே பொண்ணைக் கோயில்ல வெச்சுப் பார்த்திருக்கறாங்க. எல்லாம் புடிச்சிருக்கு, உள்ளங்கையில தழும்பு மட்டும் என்னன்னு என்கிட்டக் கேட்டாங்க. ஜன்னல் கண்ணாடியை உடைச்சு உள்ள கையை விட்டான்னு சொன்னேன். உள்ளதுதானுங்களே? அதுக்கு மேல சொல்ல ஆரம்பிச்சா, மெத்தை வரணும், சார்ஜர் வரணும், அப்பறம் கவர் வரணும். வெளியூர்க்காரங்ககிட்ட எதுக்கு அத்தனையும்னு ஒரு நிமிஷம் நிறுத்தினேன். ஒரே ஒரு நிமிஷந்தானுங்க. அந்தம்மா பையை எடுத்துட்டு எந்திரிச்சுட்டாங்க. சண்டைக்காரப் பொண்ணுன்னு நினைச்சிருப்பாங்க. நாலு நாள் கழிச்சு வேண்டாம்னு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினாங்க. கனகா என்கிட்டயே வந்து, என்ன கொறைன்னு தெரியலியேக்கான்னு அழுதா. நான் அவளுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அன்னைக்கு ராச்சோறு எனக்கு இறங்கல. நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்களே, அப்பறம் எதுக்கு இறங்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன்.

அதுக்குத்தான் இன்னைக்கு ஒண்ணு விடாமச் சொன்னேன். வாய்த்துடுக்கு. சொன்னதையே சொல்லும். அடுத்தவங்க சாமானைத் தொடும், எடுத்துப் போடும். சாமானை உடைக்கும். பொய் வேற. படிப்பு, சம்பளம், சமையல் எல்லாம் நீங்களே கேட்டுக்குங்க, அதெல்லாம் ஆரும் நல்லாத்தான் சொல்லுவாங்க.

என்னங்க, கண்ணைத் தொடைக்கறீங்க? புகையெல்லாம் போயி எத்தனை மாசமாச்சு. மிளகாய் ஏதாச்சும் வறுக்கறாங்களா பக்கத்துல?

எந்திரிச்சுட்டீங்க. அஞ்சேகாலுதானே ஆகுது. பூக்கடைங்களா? பூக்கடை எதுக்குங்க? இங்கிருந்து வலது கைப்பக்கம் போனா முக்குலயே இருக்கு, மல்லிகை நல்லா இருக்கும். இல்ல, எனக்குப் புரியல. நான் இத்தனை சொன்னதுக்கப்புறம் பூ வாங்கறீங்களா? சரியாக் கேட்டீங்களா நான் சொன்னதை? இன்னைக்கே கேட்டுட்டுத்தான் போவீங்களா? பையன் எந்த ஊர்ல இருக்கறாருங்க? பெருந்துறையா. பெருந்துறைன்னா ஒரு மணி நேரந்தான். ஆனா கட்டிக் குடுத்துட்டா ஒரு மணி நேரமும் தூரந்தானுங்களே. தீபாவளி, பொங்கலுக்கு வருவா. வந்தாலும் அம்மாவைப் பார்க்கவே நேரம் சரியாப் போகும்.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. நல்ல காரியம். போயிட்டு வாங்க.

அதுங்களா? சுவத்துல மாட்டியிருக்கறது கொசு பேட்டு சார்ஜருங்க. ஆமா, கவர்தான் போட்டிருக்கு. அட, பயந்துக்காதீங்க, சுவிட்சைப் பாருங்க, ஆஃப்ல இருக்கு. சார்ஜ் போடறப்ப இந்த வீட்டுல இப்ப எதையும் மூடறதில்ல. புதுச் சார்ஜரு அவ குடுத்த டைல்ஸ் மேலதான் இருக்கு, புல் ஆன உடனே இவரு எந்திரிச்சுப் போயிப் பிளக்கைப் புடுங்கிருவாரு. இந்தக் கவரு சாயங்காலம் அவ வர்றதுக்கு முன்னால நானாப் போட்டு வெக்கறதுங்க. வேலை விட்டு வந்ததும் எட்டிப் பார்ப்பா. பார்த்ததும், மறுபடியுமா பெரிம்மான்னு உள்ள வருவா, கழட்டி மடிச்சு வெப்பா, அடைச்சு வெச்சா சூடு வெளிய போகாதுங்கன்னு மொதல்ல இருந்து சொல்லுவா. நான் சரி கண்ணும்பேன். அதுக்குள்ள டீ கொதிச்சிருக்கும், உக்காந்து குடிச்சுட்டுப் போவா.

நானே கழட்டி வெச்சுட்டா, அவ எதுக்குங்க இங்க வரப் போறா?